உன் பெயருக்கு நான் கொடுத்த குரல்

பிரியமுள்ள வைத்திக்கு, சாமா எழுதுவது.

சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். உன்னை அப்படிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இந்தக் கடிதம் வரும் சனிக்கிழமை சாயங்காலம் பவானிபூரில் நம் தமிழ்க்காரர்கள் கூடுகிற சபையில் வாசிக்கப்படும். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாயே, அதே சபை. வாசிக்கப்போகிறவன் நான்தான். வாசிக்கச் சொன்னது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கேட்கிறவர்களில் சிலருக்கு நம்மைத் தெரியாது. நீ என் பெரியம்மாவின் பிள்ளை. என் அப்பாவுக்குக் கரக்பூரில் ரயில்வே உத்தியோகம். நான் காலேஜ் படிப்புக்காக உங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவன். நீ என்னைவிடப் பன்னிரண்டு நாள் மூத்தவன். அதை வைத்துக்கொண்டு நீ செய்த அட்டகாசம் கொஞ்சமா? "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அண்ணான்னு கூப்பிடுடா, என் பங்கு சந்தேஷ் மிட்டாயையும் உனக்கே தரேன்" என்பாய். நான் கூப்பிட்டதே இல்லை. சந்தேஷை மட்டும் பிடுங்கித் தின்றிருக்கிறேன்.

வீட்டுச் செய்தி கேள். உன் பூட்ஸ் இந்த வாரம் வரைக்கும் மாடிப்படித் திருப்பத்திலேயே இருந்தது. தோல் சாமான் உள்ளே வரக்கூடாது என்று அதை அங்கே வைக்கச் சொன்னவள் பெரியம்மாதான். இந்த மழையில் அதில் பூஞ்சணம் பூத்துவிட்டது. போன வாரம் அவள் ஒரு பழந்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து, ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு, குளிக்கப் போனாள். பெரியப்பா பேப்பரை உரக்கப் படிப்பதை நிறுத்திவிட்டார். ஐரோப்பாவில் சண்டை எந்த மட்டில் இருக்கிறது என்பது இப்போது நம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

காலேஜ் படையில் சேர ஆசைப்பட்டவன் நான். உனக்கு அதில் ஒரு துளி ஆசை கிடையாது. நம்மவர்களுக்கும் அதிகாரி பதவி கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்துக்கொண்டே கவாத்துப் பழகலாம், தேறினால் ஜமேதார் ஆகலாம், தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு மற்ற மாணவர்களை நடத்திக்கொண்டு போகலாம். "தயிர்சாத மதராஸி" என்று கேலி செய்த பையன்கள் எனக்கு சல்யூட் அடிக்க வேண்டும். என் தேசபக்தி எல்லாம் இவ்வளவுதான், வைத்தி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும்.

"தனியா அனுப்ப மாட்டேன். போறதானா ரெண்டு பேரும் போங்கோ" என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். நீ சாதத்தைப் பிசைந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தாய். "சரிம்மா, இவனுக்குக் காவலா நானும் போறேன். பன்னெண்டு நாள் பெரியவனாச்சே" என்றாய். அதோடு உன் காலைத் தூக்கம் போயிற்று.

வாரத்தில் மூன்று நாள் விடியும்போதே மைதானத்தில் நிற்க வேண்டும். காலில் சுற்றுகிற பட்டித்துணி உனக்கு ஒரு நாளும் சரியாக நின்றதில்லை. நடக்க நடக்க அவிழ்ந்து பின்னால் இழுபடும். கோட்டையிலிருந்து வந்த வெள்ளைக்கார சார்ஜெண்ட் உன்னைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். கவாத்து முடிந்ததும் அதே கோலத்தில் டிராம் பிடித்து ஓடினால் முதல் மணி தர்க்க சாஸ்திரம். நீ பாதி நாள் டிராமிலேயே தூங்கி எங்கேயோ போய் இறங்குவாய்.

அதற்குத்தான் நம் ஏற்பாடு இருந்ததே. நம் காலேஜில் அதைச் செய்யாதவன் யார்? தர்க்க சாஸ்திரப் புரொபசர் தலை நிமிராமல் நம்பர் நம்பராகப் படிப்பார், யார் வாயிலிருந்து "பிரெசண்ட், சார்" வந்தாலும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். உன் நம்பர் ஐம்பத்தெட்டு. உனக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். நான் மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு உன் குரலில் சொல்வேன். பக்கத்துப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு நீயும் சொல்லியிருக்கிறாய். அதை நாம் பொய் என்று நினைத்ததே இல்லை. வராத பிள்ளைக்குக் கூட இருக்கிறவன் செய்கிற உபகாரம் என்றுதான் நினைத்தோம்.

வைசாக மாதக் கோடையில் பெஹாலாவைத் தாண்டி ஒரு ஜமீன் மாந்தோப்பில் முகாம் போட்டார்கள். நீ வீட்டிலிருந்து ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து, மீன்குழம்புப் பந்தியில் உட்கார்ந்த வங்காளிப் பையன்களுக்கெல்லாம் பங்கு போட்டாய். மூன்றே நாளில் எல்லாருக்கும் உன்னைப் பிடித்துப்போயிற்று. நம் செக்‌ஷனுக்கு ஹவில்தாராக இருந்த மேல் வகுப்பு வங்காளி மாணவர் நிர்மல்தா உன் பெயரை "போய்த்யநாதோன்" என்று கூப்பிடுவார், நீ ஒவ்வொரு தடவையும் திருத்துவாய், அவர் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி அப்படியே கூப்பிடுவார்.

கடைசி நாள் நெடுநடை, முகாமிலிருந்து புறப்பட்டு மைல்கணக்காக நடந்து திரும்ப வேண்டும். அதற்கு முன்தினம் நம் படைக்குத் தலைவரான வெள்ளைக்கார மேஜர் துரை எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். எந்த செக்‌ஷன் ஓர் ஆள்கூட வழியில் விழாமல் முழுசாகத் திரும்பி வருகிறதோ, அந்த செக்‌ஷனிலிருந்து அடுத்த ஜமேதாரை எடுப்பேன் என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நம் செக்‌ஷனில் அந்த இடத்துக்கு இருந்தவன் நான் ஒருவன்தான். நிர்மல்தாவுக்குப் பரீட்சை முடிகிறது, அவர் படையை விட்டுப் போகிறவர்.

இப்போது அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

முகாமுக்கு ஒரு மைல் இருக்கும்போது கடைசி முறையாக நிற்கவிட்டார்கள். வெயில் ஏறிவிட்டது. உன் முகம் வெளுத்திருந்தது, வேர்வை நின்றுபோயிருந்தது. "தலை சுத்தறதுடா சாமா. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வரேனே" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். இவர்களுக்காகச் சொல்கிறேன். "இன்னும் ஒரு மைல்தான். எல்லார் முன்னாலயும் என் மானத்தை வாங்காதே" என்றேன். நீ எழுந்து நின்றாய். பட்டித்துணி வழக்கம்போல அவிழ்ந்திருந்தது, அதைக்கூட நான் சுற்றிவிடவில்லை.

ஒரு குளக்கரைத் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன். வரிசை முன்னே போய்விட்டது. நீ ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினாய். நீ போ என்றாயா, வா என்றாயா? மூன்று மாதமாக இந்தக் கேள்வியோடுதான் சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், பாடம் படிக்கிறேன். அன்றைக்கு நான் அதைப் போ என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது. எந்த மாட்டுவண்டியிலாவது தொற்றிக்கொண்டு வந்துவிடுவான், இவனுக்கு இது புதிதா என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

மாந்தோப்பில் வரிசையாக நின்றோம். பையன்கள் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். நிர்மல்தா பெயர்ப்பட்டியைப் படித்தார். வேர்வை கண்ணில் இறங்க, தலை நிமிராமல் படித்தார். "போய்த்யநாதோன்" என்றார். நான் பின்வரிசையில் நின்று, மூக்கை அடைத்துக்கொண்டு, "பிரெசண்ட், சார்" என்றேன்.

பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் பார்த்தேன். ஆனால் அந்த ஒரு நொடியில் என் மனசில் மேஜர் துரையின் முகம் இருந்தது, வைத்தி. ஓர் ஆள் குறைந்தால் நட்சத்திரம் போய்விடும் என்ற எண்ணம் இருந்தது. பழக்கம் குரலைக் கொடுத்தது, ஆசை அதை வெளியே தள்ளியது. நம் செக்‌ஷன் ஒன்றுதான் முழுசாக வந்தது என்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு நான் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

சாயங்காலம் ஆகும் நேரத்தில் ஒரு வண்டிக்காரர் உன்னை வைக்கோல்மேல் கிடத்திக் கொண்டுவந்தார். குளத்துக்குத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் பார்த்துச் சொன்னார்களாம். வண்டியில் ஏற்றும்போது மூச்சு இருந்தது என்று அவர் அழுதுகொண்டே சொன்னார். டாக்டர் உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "வெயில் தாக்கியிருக்கிறது. இத்தனை நேரம் இவனை யாருமே தேடவில்லையா?" என்று கேட்டார். மேஜர் துரை பெயர்ப்பட்டியை எடுத்துவரச் சொன்னார். உன் பெயருக்கு நேரே கோடு போட்டிருந்தது.

அப்புறம் அவர்கள் தீர்மானித்தது ஒன்றும் தப்பில்லை. காகிதத்தில் இருந்ததை வைத்துத்தானே தீர்மானிப்பார்கள்? ஆஜர் சொன்ன பிறகு அனுமதி வாங்காமல் முகாமை விட்டு வெளியே போயிருக்கிறான் என்று எழுதினார்கள். "ஆஜருக்குப் பிறகு நீ அவனைப் பார்த்தாயா?" என்று என்னைக் கேட்டார்கள். "இல்லை, சார்" என்றேன். அது நிஜம். அப்படி ஒரு நிஜத்தைச் சொன்ன வாயைத்தான் இன்றைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உத்தரவை மீறியவனுக்கு மரியாதை கிடையாது என்பது படையின் விதி. அதனால் காளிகாட் சுடுகாட்டுக்கு ஊதுகுழல் வரவில்லை, அணிவகுப்பு வரவில்லை. நிர்மல்தாவும் இன்னும் மூன்று பேரும் வேட்டியில் வந்து ஓரமாக நின்றார்கள். பெரியப்பா கொள்ளிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏண்டா, யூனிபார்ம் போட்டுண்டு ஒருத்தர்கூட வரலையே?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் பேச முடியவில்லை என்று அவர் நினைத்திருப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரியம்மாதான் என்னைக் கொன்றாள். துக்கம் கேட்க வந்தவர்கள் படைக்காரர்களைக் குறை சொன்னால் அவள் சம்மதிக்க மாட்டாள். "அவா என்ன பண்ணுவா? இதுக்கு யார்மேல பழி போடறது? இவன்தான் சொல் பேச்சுக் கேக்காதவன். எந்த மிட்டாய்க் கடையைத் தேடிண்டு போனானோ" என்பாள். பக்கத்து வீட்டு வங்காளி மாமி மாஷிமாவிடமும் தனக்குத் தெரிந்த வங்காளியில் இதையே சொல்வாள். என் தட்டில் நெய் விடும்போது, "நீயாவது ஒழுங்கா இருக்கியேடா" என்பாள். நான் அந்தச் சாதத்தைச் சாப்பிட்டேன். ஒரு வேளைகூடத் தட்டை நகர்த்தியதில்லை.

ஜமேதார் உத்தரவும் வந்தது. காகிதத்தைப் பெரியப்பா சாமி படத்தடியில் வைத்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் விழா, பெரியம்மாவை வண்டி வைத்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. நான் நட்சத்திரத்தை வாங்கிவந்து பளபளவென்று துடைத்தும் வைத்துவிட்டேன். நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

விடுமுறை முடிந்து காலேஜ் திறந்தது. அதே ரிஜிஸ்டர், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து எழுதியது. உன் பெயரை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று புரொபசர் படித்துக்கொண்டே வந்தார். "ஐம்பத்தெட்டு" என்றார். பின்பக்கத்திலிருந்து யாரோ உன் குரலில் "பிரெசண்ட், சார்" என்றார்கள். எந்தப் பாவி என்று திரும்பினேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புரொபசர் ஒரு கோடு போட்டுவிட்டு ஐம்பத்தொன்பதுக்குப் போய்விட்டார்.

நிர்மல்தா அன்றைக்குச் சான்றிதழ் வாங்கக் காலேஜுக்கு வந்திருந்தார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. வாசல் படிக்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்தினார். வங்காளியில், மெதுவாகத்தான் கேட்டார்: "முகாமிலும் நீதானா?" நான் ஆமாம் என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "நான் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கணும். ஹவில்தார் நான். தலையைத் தூக்கிப் பார்த்திருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். செய்தவன் நின்றுகொண்டிருக்கிறேன், செய்யாதவர் அழுகிறார். அதுவரை நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மேஜர் துரையிடம் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயர்ப்பட்டியை எடுத்து உன் பெயருக்கு நேரே இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு, படை இப்போதுதான் வேர் பிடிக்கிறது, உங்கள் ஆட்களுக்கு அதிகாரி பதவி எதற்கு என்று கேட்கிறவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், இறந்தவனுக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, நீ வேண்டுமானால் உடல்நிலை சரியில்லை என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்துவிடத்தான் பார்த்தார். "அவனுக்கு அம்மா இருக்கிறாள், சார்" என்றேன். அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "அப்படியானால் உள்ளது உள்ளபடி எழுது" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நட்சத்திரத்தை மேஜைமேல் வைத்தேன்.

மேஜரிடம் சொல்வது சுலபமாக இருந்தது, வைத்தி. உன் அம்மாவிடம் சொல்ல மூன்று தடவை சமையலறை வரைக்கும் போய்த் திரும்பினேன். நாலாவது தடவை அவளே, "என்னடா பூனை மாதிரி சுத்தி வரே? பசிக்கிறதா?" என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். பலாமரம், நீ தூக்கின கை, நான் கொடுத்த குரல், தூங்கினது வரைக்கும் சொன்னேன். அவள் கை கீரையிலேயே இருந்தது.

கத்துவாள், சபிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்போ அவன் எங்கயும் ஓடிப் போகலையா?"

"இல்லை பெரியம்மா."

"நடக்கச் சொன்ன வழியிலதான் நடந்தானா?"

"ஆமாம். முடிஞ்ச மட்டும் நடந்தான்."

"மூணு மாசமா அவனைத் திட்டிண்டிருக்கேனேடா" என்றாள். "போற வரவாகிட்டல்லாம் என் குழந்தையைத் திட்டிண்டிருக்கேனே." கீரையை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து மாடிப்படிக்குப் போனாள். உன் பூட்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சமையலறைக்குள்ளேயே வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் யார் யார்கிட்ட அவனைக் குத்தம் சொன்னேனோ, அவா எல்லார் முன்னாடியும் நீ வாயைத் திறந்து சொல்லணும். சபையில சொல்லு. வராதவா ஆத்துக்குப் போய்ச் சொல்லு. மாஷிமாகிட்ட அவ பாஷையில சொல்லு. அதுக்கப்புறம் உன்னோட பேசறதா வேண்டாமான்னு பார்க்கறேன்." அதனால்தான் இந்தக் கடிதம். நானாக முன்வந்து எழுதியது என்று யாரும் எனக்குப் பெருமை சேர்த்துவிட வேண்டாம்.

முகாம் ரிஜிஸ்டரில் உன்னைப் பற்றி எழுதியதை அடித்து மாற்றி எழுதியிருப்பதாக நேற்று மேஜரிடமிருந்து சீட்டு வந்தது. என்னைப் படையை விட்டுத் தள்ளுவார்களா, சிப்பாயாகவே வைத்துக்கொள்வார்களா என்பது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே விழா இருந்தாலும் பெரியம்மா வரப்போவதில்லை. பெரியப்பா இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இன்று காலை என் தட்டு போடப்பட்டிருந்தது. நெய் இல்லை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

உனக்கு ஒன்று வாக்குக் கொடுக்கிறேன். சபையில் இதை வாசித்து முடித்ததும் மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போவேன். பெரியம்மா வீடுகளை எண்ணிச் சொல்லியிருக்கிறாள், ஒன்றைக்கூட விடமாட்டேன். அது முடிந்ததும் அந்தக் குளக்கரைக்குப் போய், நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து வழி எப்படித் தெரிகிறது என்று பார்ப்பேன். காலேஜில் ஐம்பத்தெட்டு என்று கூப்பிட்டால் எழுந்து நின்று, அவன் இல்லை, சார் என்று சொல்வேன். அந்த வார்த்தையை மாந்தோப்பில் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், உன்னைத் தேடி வந்திருப்பார்கள், அண்ணா.

இப்படிக்கு,
உனக்குப் பன்னிரண்டு நாள் இளையவன்,
உன் தம்பி
சாமா